‘ஆதரவு முடிகிறது’ என்று ஹோஸ்டிங்கிலிருந்து கடிதம் வந்தால்

“உங்கள் சர்வரில் உள்ள இயங்குதளத்துக்கான ஆதரவு முடிவுக்கு வருகிறது. குறித்த தேதிக்குள் புதிய சர்வருக்கு மாறவும்.” சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் யாருக்கும், தளத்துக்குத் தன் கணினியில் (சர்வரில்) இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து ஒரு நாள் இப்படி ஒரு மின்னஞ்சல் வரும். கூடவே பிஎச்பி 7.4, மைஎஸ்க்யூஎல் 5.7, சிபேனல் 110 என்று நாலைந்து பெயர்களும் எண்களும் இருக்கும். கடை நடத்துகிறவரும், பள்ளித் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரும், சிற்றிதழ்க்காரரும் அதைப் படித்துவிட்டு, “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடிதம் சர்வர் நிர்வாகிகளின் பாஷையில் எழுதப்பட்டது.

அதை எப்படிப் படிப்பது, அதில் எது நம் தளத்தை நேரடியாகத் தொடும், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு, தளத்தை நிர்வகிக்க உதவும் பேனல்களில் ஒன்றான சிபேனலை எடுத்துக்கொள்கிறேன். ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங் வாங்குகிறவர்களில் பலருக்குக் கையில் கிடைப்பது அதுதான். பிளெஸ்க், டைரக்ட்அட்மின், இலவசமாகக் கிடைக்கும் ஹெஸ்டியா, விர்ச்சுவல்மின் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே.

பேனல் என்பது என்ன?

ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்குவதை எடுத்துக்கொள்வோம். பேனலில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ஒரு பட்டனை அழுத்துகிறோம், முடிந்தது. பேனல் இல்லாத சர்வரில் அதே வேலைக்கு அஞ்சல் பெட்டிக்கென்று ஒரு கோப்புறை உருவாக்க வேண்டும். அதற்குச் சரியான உரிமை கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லைக் குறியாக்கி ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். அஞ்சலை அனுப்பி வாங்கும் எக்ஸிம், பெட்டியிலிருந்து அஞ்சலை எடுத்துத் தரும் டவ்காட் என்ற இரண்டு மென்பொருள்களுக்கும் இந்த முகவரி தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் கறுப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டச்சு செய்கிற வேலை.

பேனல் தானே செங்கல் எடுத்து வைப்பதில்லை. அது மேஸ்திரி. அஞ்சலுக்கு எக்ஸிம், தளத்தைக் காட்ட அப்பாச்சி, தரவுக்கு மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி, நிரலை ஓட்ட பிஎச்பி என்று ஆளாளுக்கு ஒரு வேலை. நாம் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மற்றவர்களை வேலை வாங்கிவிடுவார். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே எளிது. ஏனென்றால் மேஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொத்தனாரும் தச்சரும் வராத நாளில் வேலை நடக்காது.

சிபேனலை 1996இல் நிக் கோஸ்டன் எழுதத் தொடங்கினார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் வளர்ந்த நிறுவனம் அது. அந்தப் பேனலுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. நாம் நுழைவது சிபேனல் வாசல். பிரவுசரின் முகவரிப் பட்டையில் பெரும்பாலும் 2083 என்ற எண்ணோடு திறக்கும். ஹோஸ்டிங் நிறுவனம் நுழைவது டபிள்யூஎச்எம் வாசல், எண் 2087. சர்வரில் எந்தப் பிஎச்பி பதிப்புகள் இருக்க வேண்டும், பேனல் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டாவது வாசலில்தான் முடிவாகிறது. பேனலில் ஏதாவது ஒரு வசதி காணோம் என்றால் சிபேனல் நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டாம். ஹோஸ்டிங் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

‘ஆதரவு’ என்ற ஒரே சொல், இரண்டு பொருள்

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஆதரவு என்றதும் நமக்குத் தோன்றுவது, போன் செய்தால் எடுத்துப் பேசும் ஆள். “ஆதரவு முடிகிறது” என்றால், “இனிமேல் போனை எடுக்க மாட்டார்களோ?” என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் வரும் ஆதரவு அது இல்லை. ஒரு மென்பொருளை எழுதியவர்கள், அந்தப் பதிப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தருவோம் என்று கொடுத்த வாக்குதான் அது. தேதி முடிந்தால் வாக்கும் முடிந்தது.

தேதி முடிந்த மறுநாள் காலையில் தளம் நின்றுவிடாது. நேற்று போலவே ஓடும், அடுத்த மாதமும் ஓடும். அதனால்தான் பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை ஒவ்வொன்றும் திறந்தபடியே கிடக்கும். ஓட்டை இருக்கிற சர்வர்களைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் பெரிய கடை, சின்னக் கடை என்று பார்ப்பதில்லை. 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்ற இலவசப் பேனலில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான சர்வர்களில் கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டது. அங்கே திருத்தம் கொடுக்க ஆள் இருந்தார்கள். அப்படியும் அவ்வளவு சேதம். திருத்தம் கொடுக்க ஆளே இல்லாத பதிப்பில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடித்தளத்திலிருந்து தொடங்குவோம்

எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது இயங்குதளம். நம் கணினியில் விண்டோஸ் இருப்பது போல ஹோஸ்டிங் சர்வரில் பெரும்பாலும் லினக்ஸ் இருக்கும். நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது சென்ட்ஓஎஸ். ரெட்ஹேட் நிறுவனம் காசுக்கு விற்கும் லினக்ஸின் மூல நிரலிலிருந்து கட்டி எடுக்கப்பட்ட இலவசப் பதிப்பு. நிலையானது, பத்து ஆண்டுகள் திருத்தம் கிடைக்கும். ஹோஸ்டிங் தொழில் அதை நம்பி வளர்ந்தது என்றே சொல்லலாம்.

2020 டிசம்பர் 8 அன்று ஒரு அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்று எல்லோரும் எண்ணியிருக்க, அது 2021 டிசம்பர் 31உடன் முடிகிறது என்றார்கள். ஏழு ஆண்டுகளுக்கும் மேல் ஒரே நாளில் போயின. அதை நம்பி சர்வர்களைப் புதிதாக அமைத்தவர்களுக்கு அது பெரிய அடி. வினோதம் என்னவென்றால், அதற்கு முந்தைய சென்ட்ஓஎஸ் 7க்குத் தேதி மாறவில்லை. அது 2024 ஜூன் 30 வரை நீடித்தது. தம்பி போனபிறகும் அண்ணன் இரண்டரை ஆண்டு இருந்தார்.

அந்த இடத்தை நிரப்ப வந்தவைதான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். இரண்டும் 2021இல் வெளிவந்தன. சிபேனல் இவற்றுக்கும், பிறகு உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கும் கதவைத் திறந்தது. சென்ட்ஓஎஸ் 7க்குக் கடைசியாகக் கொடுத்த பதிப்பு 110. அதற்கு மேற்பட்ட பதிப்புகள் அந்த இயங்குதளத்தில் ஏறாது. கடிதத்தில் ‘110’ என்ற எண்ணைப் பார்த்தால் பின்னணி இதுதான்: உங்கள் சர்வரின் அடித்தளம் பழசு, பேனல் அதற்கு மேல் வளர முடியாமல் நிற்கிறது. “என் நண்பரின் பேனலில் இருக்கிற வசதி என்னுடையதில் ஏன் இல்லை?” என்ற கேள்விக்கும் பல நேரங்களில் இதுவே விடை. இருவரும் ஒரே நிறுவனத்துக்குப் பணம் கட்டினாலும் இருவரும் இருக்கும் சர்வர்கள் வெவ்வேறு வயசு.

எண்களைப் பற்றி இன்னொன்று. சிபேனலில் பொதுவெளிக்கு வரும் பதிப்புகள் 108, 110, 112 என்று இரட்டைப்படையில்தான் போகும். ஒற்றைப்படை எண்கள் அவர்கள் உள்ளே உருவாக்கத்துக்கு வைத்துக்கொள்பவை. ஒரு பதிப்பை முதலில் துணிந்து போடலாம், நன்றாகப் பழகியபின் போடலாம், நீண்ட ஆதரவுள்ள பதிப்பிலேயே நின்றுவிடலாம். எந்த வரிசையில் நிற்பது என்று ஹோஸ்டிங் நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. பொறுப்பான நிறுவனங்கள் அவசரப்படுவதில்லை. அதில் தவறில்லை. பல ஆண்டுகளாக அசையாமலே இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இருந்த இடத்திலேயே சென்ட்ஓஎஸ் 7ஐ அல்மாலினக்ஸ் 8ஆக மாற்றவும் வழி உண்டு. அல்மாலினக்ஸ் குழுவின் எலிவேட் திட்டத்தை வைத்து சிபேனல் தானே ஒரு நிரல் வெளியிட்டது. ஆனாலும் பல நிறுவனங்கள் புது சர்வர் ஒன்றைக் கட்டி, கணக்குகளை ஒவ்வொன்றாக அங்கே எடுத்துப் போவதையே விரும்புகின்றன. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆள் குடியிருக்கிற வீட்டில் அஸ்திவாரத்தை மாற்றுவதைவிட, பக்கத்தில் புது வீடு கட்டிச் சாமான்களை எடுத்துப் போவது நிம்மதி. ஏதாவது பிசகினால் பழைய வீடு அப்படியே இருக்கும்.

பிஎச்பி: நம் தளம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்

இயங்குதளம் மாறுவது நம் கண்ணுக்குத் தெரியாது. பிஎச்பி மாறினால் தெரியும். வேர்ட்பிரஸ், ஜூம்லா, யாரோ ஒரு தம்பி 2010இல் கையால் எழுதிக் கொடுத்த பட்டியல் பக்கம் எல்லாம் பிஎச்பியில் ஓடுபவை. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. 5.6க்கு 2018 டிசம்பர் 31. 7.4க்கு 2022 நவம்பர் 28. 8.0க்கு 2023 நவம்பர் 26. 8.1க்கு 2025 டிசம்பர் 31.

புதுப் பதிப்பில் புதிதாகச் சேர்ப்பது போலவே பழசைத் தூக்கியும் எறிவார்கள். தரவுதளத்தோடு பேசுவதற்கு ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்ற கட்டளை 7.0இல் நீக்கப்பட்டது. கிரியேட்_ஃபங்ஷன் 8.0இல் போனது. உங்கள் தளத்துக்குத் தோற்றம் தரும் தீமிலோ கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரலிலோ அந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் போதும், பக்கம் வெள்ளையாக நிற்கும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு உரக்கடைத் தளத்தில் அப்படித்தான் ஆனது. முகப்பு, தயாரிப்புகள், தொடர்புக்கு எல்லாம் வெறும் வெள்ளை. பதறிப்போய் எதையும் அழிக்காமல் பேனலில் கோப்பு மேலாளரைத் திறந்தால், தளத்தின் கோப்புறையிலேயே ‘எரர்_லாக்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதன் கடைசி வரிதான் நமக்கு வேண்டியது. எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்தக் கட்டளை தெரியவில்லை என்று அது பளிச்சென்று சொல்லிவிடும். அந்தக் கடையின் தளத்தில் குற்றவாளி, பல ஆண்டுகளாக யாரும் திறந்து பார்க்காத ஒரு படக்காட்சிச் செருகுநிரல். அதன் கோப்புறையின் பெயரை மாற்றியதும் தளம் எழுந்துகொண்டது.

சிபேனலில் பிஎச்பி பதிப்பை மாற்றும் இடத்தின் பெயர் மல்டிபிஎச்பி மேனேஜர். டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு வைக்கலாம், இது அருமையான வசதி. தளத்தின் நகல் ஒன்றை ஒரு துணை டொமைனில் வைத்து, அதற்கு மட்டும் புதுப் பதிப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே ஓடினால் அசல் தளத்துக்கும் மாற்றலாம். மாற்றி ஏதாவது ஆனால் பழைய பதிப்பை மறுபடி தேர்ந்தெடுத்தால் ஒரு நிமிடத்தில் பழைய நிலை. பயப்படவே வேண்டாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு, கவனியுங்கள். பதிப்பை மாற்றும்போது பேனல், சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் உங்கள் தளத்தின் எச்டிஅக்சஸ் கோப்பில் சில வரிகளை எழுதி வைக்கும். “இந்தக் கோப்புகளைப் பிஎச்பி 7.4இடம் கொடு” என்பது அதன் பொருள். தளம் புது சர்வருக்குப் போகும்போது அந்த வரியும் கூடவே போகும். அங்கே 7.4 நிறுவப்படவில்லை என்றால், கொடுக்க ஆளில்லாமல் சர்வர் அந்தக் கோப்பை அப்படியே பார்வையாளரின் கணினிக்கு இறக்கிவிடும். தளத்தைத் திறந்தால் பக்கம் வராமல் ஏதோ ஒரு கோப்பு டவுன்லோட் ஆகிறது என்றால் வைரஸ் என்று நினைக்காதீர்கள். மல்டிபிஎச்பி மேனேஜரில் போய் அந்த சர்வரில் இருக்கிற ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். வரி திருத்தப்பட்டுவிடும்.

சில நிறுவனங்களில் 5.6, 7.2 போன்ற பழைய பதிப்புகள் இன்னும் பட்டியலில் இருக்கும். கிளவுட்லினக்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய பிஎச்பி பதிப்புகளுக்குத் தாங்களே ஓட்டை அடைத்துக் காசுக்குக் கொடுக்கின்றன. அப்படி ஏற்பாடு இருந்தால் அவகாசம் கிடைக்கிறது. இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இருங்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு பிரச்சினை

இதை நான் எல்லா இடத்திலும் வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் இதில் போவது பணம் இல்லை, எழுத்து. பழைய தமிழ்த் தளங்கள் புது சர்வருக்கு மாறும்போது சில நேரங்களில் தமிழே காணாமல் போய்விடும். கதையும் கட்டுரையும் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி சாய்கோடு ‘ஏ’ என்று பக்கம் முழுக்க நிரம்பியிருக்கும்.

நண்பர் ஒருவரின் சிற்றிதழ்த் தளம் இப்படி ஆனபோது அவர் போனில் பேசவே முடியாமல் திணறினார். பல ஆண்டுக் கவிதைகளும் நேர்காணல்களும். அச்சுப் பிரதி பலவற்றுக்கு இல்லை. உண்மையில் எதுவும் அழிந்திருக்கவில்லை. நடந்தது இதுதான்.

யூனிகோடை இணையத்தில் சேமிக்கும் வழக்கமான முறையில் (யுடிஎஃப்8) ‘க’ போன்ற ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டுகள். ‘க’ என்பது மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. பழைய மைஎஸ்க்யூஎல்லின் இயல்புநிலை எழுத்துக் குறிமுறை லேட்டின்1, அதில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. எனவே ‘க’ உள்ளே போகும்போது அது மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று தரவுதளம் நினைத்துக்கொண்டது. திரும்ப எடுக்கும்போதும் அதே நினைப்பில் அந்த மூன்று பைட்டுகளை அப்படியே கொடுத்தது. பிரவுசர் அவற்றைச் சேர்த்து ‘க’ என்று காட்டியது. போகும்போது ஒரு தவறு, வரும்போது ஒரு தவறு, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிட்டன. தளம் பல ஆண்டுகள் அழகாக ஓடியது.

மைஎஸ்க்யூஎல் 8.0இல் இயல்புநிலை மாறியது. அதன் குறிமுறை யுடிஎஃப்8எம்பி4, உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பது. மைஎஸ்க்யூஎல் 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்ததால் சர்வர்கள் 8.0க்கோ மரியாடிபிக்கோ நகர வேண்டியிருந்தது. புது சர்வர் சரியாக நடந்துகொள்கிறது. அதனாலேயே பழைய தவறு வெளியே தெரிகிறது. “இங்கே மூன்று ஐரோப்பிய எழுத்துகள் இருக்கின்றன” என்று அது நேர்மையாகச் சொல்கிறது, பிரவுசரும் மூன்றையும் காட்டுகிறது.

திருத்தலாம். பழைய தரவுதளத்தை லேட்டின்1 என்று சொல்லியே ஏற்றுமதி செய்ய வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறாமல் அசல் தமிழாக வெளியே வரும். அந்தக் கோப்பை ஒரு எடிட்டரில் திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், கோப்புக்குள் லேட்டின்1 என்று குறித்திருக்கும் இடங்களை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி இறக்குமதி செய்ய வேண்டும். நீங்களே செய்யத் துணிவில்லை என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இதே வார்த்தைகளில் கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். செய்யக்கூடாத ஒன்று மட்டும் உண்டு. குறிகளாகத் தெரியும் நிலையில் தளத்துக்குள் போய்க் கட்டுரைகளைத் திறந்து சேமிக்காதீர்கள். சேமித்த கட்டுரைகள் ஒரு முறையிலும் சேமிக்காதவை வேறு முறையிலும் ஆகிவிடும். அப்புறம் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

புது வசதிகளில் எது நமக்கு வேண்டும்?

ஒவ்வொரு பதிப்பிலும் புதியவை என்று நீளமாகப் பட்டியல் வரும். அதில் பெரும்பகுதி டபிள்யூஎச்எம் பக்கத்து ஆட்களுக்கு. நம் கண்ணில் முதலில் படுவது தோற்றம். பேப்பர் லேன்டர்ன் என்ற பழைய தோற்றம் 108ஆம் பதிப்போடு விடைபெற, ஜூபிடர் என்ற தோற்றம் அந்த இடத்துக்கு வந்தது. ஐகான்கள் இடம் மாறியிருக்கும், மேலே இருக்கும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் கிடைத்துவிடும். அதே பதிப்போடு ஹார்ட் என்ற வெப்மெயிலும் போனது, ரவுண்ட்கியூப் இருக்கிறது. “என் மெயில் எல்லாம் போச்சா?” என்று கேட்டவர்களுக்கு: போகவில்லை. வெப்மெயில் என்பது அஞ்சல் பெட்டியைப் பார்க்கிற ஜன்னல் மட்டும்தான்.

உண்மையில் பயன்படும் வசதி என்று நான் முதலில் சொல்வது ஆட்டோஎஸ்எஸ்எல். 2016இல் 58ஆம் பதிப்பில் வந்தது. தள முகவரியில் பூட்டுச் சின்னம் வருவதற்கான சான்றிதழைத் தானே வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்கிறது. அதற்கு முன் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கி, கையால் ஒட்டி வந்தோம். இனி கையால் ஒட்டுவது நடக்கவே நடக்காது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 398 நாட்களாக இருந்த சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனமும், சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே பேனலில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தை மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். சிவப்பாக ஏதாவது இருந்தால், பெரும்பாலும் அந்தத் துணை டொமைனின் டிஎன்எஸ் (எந்தப் பெயர் எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவு) வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஈமெயில் டெலிவரபிலிட்டி என்ற பக்கம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவரின் அடையாளத்தைக் கறாராகப் பார்க்கத் தொடங்கின. உங்கள் பெயரில் வரும் அஞ்சல் உண்மையானதுதானா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் என்ற பதிவுகள் உங்கள் டொமைனில் சரியாக இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் பில்லும் ரசீதும் ஸ்பேமில் விழும், அல்லது திரும்பி வரும். அந்தப் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயருக்கு எதிரே பிரச்சினை என்று காட்டினால், பக்கத்திலேயே சரிசெய்யும் பட்டனும் இருக்கும். டிஎன்எஸ் அதே சர்வரில் இருந்தால் ஒரே அழுத்தலில் முடியும். வேறு இடத்தில் இருந்தால் அது காட்டும் வரியை நகல் எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். சர்வர் மாறும்போது டிகிம் சாவியும் மாறியிருக்கலாம், இடம் மாறியபின் இதை மறக்காமல் பாருங்கள்.

வேர்ட்பிரஸ்காரர்களுக்கு வேர்ட்பிரஸ் டூல்கிட். பிளெஸ்கில் பிறந்து சிபேனலுக்கு வந்தது, இரண்டும் இப்போது ஒரே குழுமத்தின் கீழ். உங்கள் திட்டத்தில் அதன் முழு வடிவம் இருந்தால் தளத்தை நகலெடுத்துச் சோதிக்க மேலே நான் சொன்ன துணை டொமைன் வேலையை அதுவே செய்து கொடுக்கும்.

விலையையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஜூனில் சிபேனல் தன் உரிமக் கட்டணத்தை மாற்றியது. அதுவரை ஒரு சர்வருக்கு இவ்வளவு என்று இருந்தது, அதன்பின் சர்வரில் எத்தனை கணக்குகள் இருக்கின்றனவோ அதற்கேற்ப என்று ஆனது. ஒரே சர்வரில் நிறையச் சின்னத் தளங்களை வைத்திருந்த நிறுவனங்களுக்குச் செலவு எகிறியது. சிலர் டைரக்ட்அட்மினுக்கோ இலவசப் பேனலுக்கோ போனார்கள். உங்கள் நிறுவனமும் “பேனலையே மாற்றுகிறோம்” என்று சொன்னால் காரணம் அதுவாக இருக்கலாம். தளம் பெரிதாகப் பாதிக்காது. மின்னஞ்சல் வடிகட்டிகள், அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பும் ஃபார்வேர்டர்கள், குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலைகள் போன்றவைதான் புதுப் பேனலுக்குப் போகும்போது தவறிவிடும். அவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்துவிட்டது, இப்போது?

முதலில் பேக்கப். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: சிபேனலில் எடுக்கும் ‘முழு பேக்கப்’பை அதே சிபேனல் வாசல் வழியாக நம்மால் திரும்ப ஏற்ற முடியாது. அது ஹோஸ்டிங் நிறுவனம் டபிள்யூஎச்எம் வழியாகச் செய்ய வேண்டிய வேலை. எனவே முழு பேக்கப்போடு கூட, ஹோம் டைரக்டரி (தளத்தின் கோப்புகள் இருக்கும் கோப்புறை), தரவுதளங்கள், ஃபார்வேர்டர்கள் என்று பகுதி பேக்கப்பும் தனித்தனியாக எடுத்து உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். சர்வரிலேயே விட்டு வைத்த பேக்கப் சர்வரோடு போகும்.

அப்புறம் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். புது சர்வரில் என்ன இயங்குதளம், பிஎச்பியின் எந்தப் பதிப்புகள் இருக்கும், தரவுதளம் மைஎஸ்க்யூஎல்லா மரியாடிபியா, மாற்றம் எந்தத் தேதியில், சர்வரின் எண் முகவரியான ஐபி மாறுமா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு வாரமாகியும் மழுப்பலாகவே வந்தால் வேறு இடம் பார்ப்பதற்கு அதுவே காரணம் போதும்.

ஐபி மாறும் என்றால் டிஎன்எஸ்ஸில் டிடிஎல் என்ற எண்ணைப் பாருங்கள். சிபேனலில் வழக்கமாக 14400 என்று இருக்கும், அதாவது நான்கு மணி நேரம். பழைய முகவரியை உலகம் அவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும். மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பு அதை 300 ஆக்கினால் ஐந்தே நிமிடத்தில் மறந்துவிடும். மாற்றும் முன்பே புது சர்வரில் தளம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கவும் முடியும். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புது ஐபியையும் டொமைன் பெயரையும் ஒரு வரியாக எழுதினால், உங்களுக்கு மட்டும் புது சர்வர் தெரியும், ஊருக்கெல்லாம் பழையதே தெரியும். உள்ளே போய்ப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், ஒரு பழைய கட்டுரையைத் திறந்து தமிழ் சரியாக வருகிறதா பாருங்கள், படங்களைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விட்டால் பின்னால் ஒரு நாள் உங்களுக்கு மட்டும் தளம் வராது, காரணமும் புரியாது.

மாறிய பிறகு பழைய கணக்கை உடனே மூடச் சொல்லாதீர்கள், ஒன்றிரண்டு வாரம் இருக்கட்டும். எல்லா அஞ்சல் சர்வர்களும் டிஎன்எஸ் மாற்றத்தை ஒரே நேரத்தில் கவனிப்பதில்லை. பழைய சர்வரின் பெயரோடு 2096 என்ற எண்ணைச் சேர்த்தால் அங்கே இருக்கும் வெப்மெயில் திறக்கும். தினம் ஒருமுறை பாருங்கள். அந்த உரக்கடை இடம் மாறிய மூன்றாம் நாள், பழைய பெட்டியில் இரண்டு ஆர்டர்கள் கிடந்தன.